ஆண்: தெரியாது

கைபேசியில் ‘பூச்சி டீச்சர்’ என்று பெயர் வந்ததும் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

“என்ன டீச்சர், இன்னும் உசுரோடதான் இருக்கியளா?”

எதிர்ப்பக்கம் வேறொரு பெண்குரல் பேசியது.

“அண்ணாச்சி, நான் உமா. அவியளோட அண்ணன் மக. அத்தை காலைல போயிட்டாவ.”

என் மேசையில் ஒரு கைக்கடிகாரம் முதுகைத் திறந்து கிடந்தது. செல் மாற்ற வேண்டியது. மாற்றினேன், மூடினேன், மணி சரி வைத்தேன். அதற்குரியவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் ராஜபாளையம் கடையைப் பூட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் நான் கேட்ட கேள்விதான் காதில் நின்றது. பூச்சி டீச்சர் என்று நான் பெயர் வைத்திருந்த கோதை டீச்சரிடம் சொல்லியிருந்தால், “கேள்வி சரிதான். பதில்தான் இந்தத் தடவை மாறிப்போச்சு” என்றிருப்பார்.

உங்களில் பெரும்பாலோர் கல்லூரியில் அவரிடம் விலங்கியல் படித்தவர்கள். உங்களுக்கு அவர் மேடம். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், வாட்ச் ரிப்பேர்காரன். அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அறிமுகம். நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னது உமா. அழ வைக்கும்படி எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல்முறை அவர் கடைக்கு வந்தபோது கையில் ஒரு ட்வீசர் இருந்தது. வாட்சுக்குள் திருகாணி எடுப்போமே, அந்த ஜாதி. அதை என் மேசைமேல் வைத்தார்.

“இதோட ரெண்டு முனையும் ஒண்ணா சேர மாட்டேங்குது. சரி பண்ணிக் குடுப்பீங்களா?”

“புருவத்துல நரைமுடி புடுங்கவாம்மா?”

“இல்ல. தேனீயோட நாக்கை வெளிய இழுக்க.”

நான் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நாக்கு எம்புட்டு நீளம், எப்படி மடங்குதுன்னு பாத்தா அது எந்தக் குடும்பம்னு சொல்லிரலாம்” என்றார்.

“நம்ம ஊர்லயும் அப்படித்தான். செத்த நேரம் நாக்கை நீட்டி பேசவிட்டா எந்தக் குடும்பம்னு சொல்லிருவோம்.”

அதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் ட்வீசரை வாங்கிக்கொண்டு போனவர், அடுத்த வாரமே நேராக இருந்த ஒரு ஊசியைக் கொண்டுவந்து, நுனியை மட்டும் கொக்கி மாதிரி வளைத்துத் தரச் சொன்னார். அதிலிருந்து மாதம் ஒருமுறையாவது வருவார். நான் கிண்டல் செய்வேன். அவர் பதில் சொல்வார். பக்கத்துத் தையல்கடை மைதீன் பாய் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். இப்படியே பல வருஷம்.

தேனீ என்றால் அடை, ராணி, தேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். டீச்சருடைய தேனீக்கு இது எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனி. ரோஜா இலையில் வட்டம் வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டு போய், ஏதாவது ஒரு துளைக்குள் சுருட்டி அறை கட்டும். உள்ளே மகரந்தத்தைப் பிசைந்து வைத்து ஒரு முட்டை இடும். மூடும். அதற்கு முன்னால் இன்னொரு அறை. கடைசியில் வாசலையும் இலையால் அடைத்துவிட்டுப் போய்விடும். பிள்ளை முகத்தைப் பார்க்காது.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தனியாக இருந்தார். நான் சும்மா விடுவேனா?

“அப்ப உங்கள மாதிரின்னு சொல்லுங்க.”

“எனக்கு இலை வெட்டத் தெரியாதே” என்றார். அன்றைக்குச் சிரித்தவர் மைதீன் பாய்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மாடியில் துணி உலர்த்தப் போட்டிருந்த இரும்புக் குழாயில்தான் அந்தத் தேனீ முதலில் கூடு கட்டியது. அவருக்கு அது தெரிந்த தேனீயாகப் படவில்லை. ஒன்றைப் பிடித்தார். அடுத்த மழை முடிந்து இன்னும் இரண்டைப் பிடித்தார். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

புது இனம் என்று சொல்வதற்கு எத்தனை பாடு என்பதை அப்போதுதான் பார்த்தேன். தாடையில் எத்தனை பல், எந்தப் பல்லுக்கும் எந்தப் பல்லுக்கும் நடுவே இலை வெட்டும் தகடு இருக்கிறது, முதுகில் உள்ள குழிகள் நெருக்கமா அகலமா, குழிக்கும் குழிக்கும் நடுவே பளபளப்பா மங்கலா, மகரந்தம் சுமக்கும் அடிவயிற்று முடி எந்த இடத்தில் வெள்ளை, எந்த இடத்தில் கறுப்பு. இவ்வளவையும் எழுதி, ஏற்கெனவே பெயருள்ள ஒவ்வொரு தேனீயோடும் ஒப்பிட்டு, இது அது இல்லை, அதுவும் இல்லை என்று கழித்துக்கொண்டே வர வேண்டும். எதிலும் சேராமல் நின்றால்தான் புதுசு.

“ஜாதகம் பாக்குறதை விட மோசமா இருக்கே டீச்சர்” என்றேன்.

“ஜாதகத்துல பாக்காததையும் எழுதலாம்” என்றார்.

அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. உங்களுக்கும் வகுப்பில் சொல்லியிருப்பார். ஒரு நாள் நான், “இம்புட்டுக்காண்டு பூச்சியக் கொன்னு என்ன டீச்சர் சாதிக்கப் போறிய?” என்று கேட்டபோது என்னிடமும் சொன்னார்: “கொல்லாம பேர் வைக்க முடியாது. ஆனா கொன்னா ஒழுங்கா எழுதணும். எழுதலைன்னா அது வெறும் கொலை.”

பெண் தேனீயைப் பற்றி எழுதி முடித்தாயிற்று. ஆண் வேண்டியிருந்தது. இந்தக் கூட்டத்தில் ஆணும் பெண்ணும் பார்ப்பதற்கு ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி இருக்காதாம். செண்பகத்தோப்புப் போகும் பாதையில், தென்னந்தோப்பு ஓரம் பூத்திருந்த கொழிஞ்சிச் செடியில் ஒரு ஆண் அவருக்குக் கிடைத்தது. ஒன்றே ஒன்று. முன்னங்கால் இரண்டும் வெளுத்து, அகலமாக, ஓரத்தில் குஞ்சம் கட்டினது போல இருந்தது. அவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்டேன்.

“சேரும்போது பொண்ணோட கண்ணை அந்தக் காலால மூடிக்கும்.”

“மூஞ்சியப் பாத்தா அவ ஓடிருவான்னு பயலுக்கே தெரிஞ்சிருக்கு” என்றேன்.

டீச்சர் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் கடையில் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

இந்த ஆண்தான் அந்தப் பெண்ணின் ஜோடி என்று அவர் நம்பினார். இரண்டையும் சேர்த்து ஒரே இனமாக இரண்டு வருஷம் எழுதினார், படம் வரைந்தார். வெளியிடுவதற்கு முன்னால் இந்தத் துறையில் பெரிய கை ஒருவரிடம் காட்டியபோது, ஆணின் வயிற்று நுனிக்குள் மறைந்திருக்கும் உறுப்பை வெளியே எடுத்து வரைந்து அனுப்பச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு இனத்துக்கும் அதன் வடிவம் வேறாம். மற்றது எல்லாம் ஏமாற்றினாலும் அது ஏமாற்றாதாம்.

சிக்கல் என்னவென்றால், அதற்குள் டீச்சருடைய கை நடுங்க ஆரம்பித்திருந்தது. காப்பி டம்ளரையே இரண்டு கையாலும் பிடிப்பார். இருந்தது ஒரே ஆண். வயிறு உடைந்தால் போனது போனதுதான். ஆண் இல்லாமல் அனுப்பினால் கட்டுரை திரும்பி வரும் என்று அவருக்குப் பயம். அடுத்த கொழிஞ்சிப் பூவைத் தேடிக் காட்டு ஓரம் நடக்க முழங்காலும் விடாது. ஆயுசில் அவர் பெயர் வைக்கப்போகும் ஒரே உயிர் அதுதான்.

சித்திரை வெயிலில் ஒரு டிபன் டப்பாவோடு வந்தார். உள்ளே ஈரமணல், அதன்மேல் சின்ன மூடியில் தேனீ. காய்ந்த உடம்பு உடையாமல் இருக்க ஊற வைத்திருந்தார்.

“வாட்ச்காரரே, உங்க கை எனக்கு வேணும்” என்றார்.

“பொண்ணு கேட்டு வாரவிய தாம்பாளத்தோட வரணும் டீச்சர். டிபன் டப்பாவோட வரப்படாது.”

“பேசாம லென்ஸை மாட்டுங்க.”

எனக்குப் பின்னால் அவருக்கு ஒரு ஸ்டூல். எனக்கு முன்னால் தேனீ. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மேசை இழுப்பறையின் விளிம்பில் வேட்டி முனையைச் செருகி, மடியைத் தொட்டில் மாதிரி ஆக்கிக்கொள்வோம். திருகாணி தவறினால் தரைக்குப் போகாமல் மடியில் விழும். இன்னொன்று, சின்ன வேலை நடக்கும்போது ஃபேன் ஓடக் கூடாது. இரண்டும் கவனித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

டீச்சர் காதுக்குப் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, நான் வளைத்துக் கொடுத்த அதே கொக்கி ஊசியால் வயிற்றின் கடைசித் தகட்டைத் தூக்கினேன். “இன்னும் கொஞ்சம். இழுக்காதீங்க, தூக்குங்க. அதேதான்.” பழுப்பு நிறத்தில், கடுகில் பாதி இருக்கும், ஒரு துணுக்கு வெளியே வந்தது. ட்வீசரில் எடுத்துக் கிளிசரின் சொட்டு வைத்திருந்த கண்ணாடிக்குக் கொண்டுபோகிறேன்.

“என்னவே, இப்படி வேகுது. ஃபேனைக் கூடப் போடாம உக்காந்திருக்கீரு” என்று மைதீன் பாய் உள்ளே நுழைந்து சுவிட்சைத் தட்டினார்.

ட்வீசர் என் கையில் இருக்கிறது. நுனியில் ஒன்றும் இல்லை.

“ஆஃப் பண்ணும்வே!” என்று நான் கத்தினேன். டீச்சர் கத்தவில்லை. என் தோளில் கையை வைத்து, “அசையாதீங்க. மூச்சு விடாதீங்க” என்றார். அந்தக் கை நடுங்கியது என் தோளில் தெரிந்தது.

பிறகு நடந்ததைப் பாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். கல்லூரியில் விலங்கியல் துறைக்கே தலைவராக இருந்த ஒரு அம்மாள், கண்ணில் லென்ஸோடு, ஒரு கிழவனுடைய மடியில் குனிந்து, ஆண் தேனீயின் மானத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் ஒருவர் சுவர்க் கடிகாரத்தோடு வந்து நின்றார்.

“என்ன தொலைஞ்சு போச்சு அண்ணாச்சி?”

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் தலையைத் தூக்காமலே, “ஒரு ஸ்பேர் பார்ட்” என்றார்.

பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேட்டியின் மடிப்பில், கரைக்கு ஓரமாக, அது இருந்தது. உடையவில்லை. டீச்சர் ட்வீசரைத் தொடாமல் எனக்கே வழிவிட்டார். எடுத்துக் கிளிசரினில் விட்டேன். அவர் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து, “இப்ப ஃபேன் போடலாம் பாய்” என்றார்.

அதன் பிறகு சில வாரம் அவர் வரவில்லை. வந்தபோது கையில் டப்பா இல்லை.

“என்ன ஆச்சு நம்ம மாப்பிள்ளை?”

“அவன் இவளோட ஆள் இல்ல” என்றார். “பழைய இனம். ஏற்கெனவே பேர் உள்ளது. படத்தை அனுப்பி, மியூசியத்துல இருக்கிற பழசோட ஒப்பிட்டுப் பாத்தாச்சு. சந்தேகமே இல்ல.”

இரண்டு வருஷம் எழுதியதில் பாதி போயிற்று. குரல் மாறவில்லை. பாயிடம் ஒரு ரவிக்கை அளவு பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“டீச்சர், ஆம்பளையப் பத்தி எழுதினதை எழுதின மாதிரியே விட்ருங்க. ஒரு பத்தி. யாரு வயித்தத் தொறந்து பாக்கப் போறா? தொறக்கணும்னா எங்கிட்டத்தான வரணும்? நான் எவனுக்கும் தொறந்து குடுக்க மாட்டேன்.”

நான் விளையாட்டாகச் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கலாம். பாதி நிஜம். அவருக்கும் அது தெரிந்தது.

“எனக்கும் ஒரு ராத்திரி பூரா அதே யோசனைதான்” என்றார். “நாளைக்கு எங்கேயோ ஒருத்தி இதைப் படிச்சிட்டு, நான் சொன்னதை நம்பி, தப்பான ஆம்பளைய புடிச்சு வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா உக்காந்திருப்பா. நான் செத்துப் போயிருப்பேன், அவளுக்கு யாரு சொல்றது? நமக்குப் புடிச்சிருக்குன்னு ரெண்டு பேரைச் சேத்து வைக்கிறது புரோக்கர் வேலை வாட்ச்காரரே.”

“ஆக மொத்தம் பொண்ணு புதுசு, ஆம்பளை பழைய சரக்கு.”

“ஆம்பளை எப்பவுமே அப்படித்தானே” என்றார். இந்த முறை பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆண் இல்லாமலே அனுப்பினார். ஒருமுறை திரும்பி வந்தது. பதில் எழுதி மறுபடி அனுப்பினார். கடைசியில் அச்சாகிவிட்டது. கணினியில் எடுத்த தாள்களைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். பெண்ணுக்குப் பக்கம் பக்கமாக வர்ணனை. நம் சினிமாப் பாட்டுக்காரர்கள் தோற்றுப்போவார்கள். அதன் கீழே ஆணுக்கு ஒரே வரி. விரலை வைத்துப் படித்துச் சொன்னார்: “ஆண்: தெரியாது.”

“ரெண்டு வருஷ உழைப்புக்கு இதான் மிச்சமா?”

“நான் எழுதினதுலயே சுத்தமான வரி இதுதான்” என்றார்.

என் பெயரைத் தேனீக்கு வைக்கும்படி நான் முன்பே விண்ணப்பம் போட்டிருந்தேன். தாடைப் பல்லை வைத்துப் பெயர் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். “அதுக்குப் பல்லு இருக்கு” என்றார். அப்போதே எனக்கு முன்பல் இரண்டு கிடையாது.

போன மழைக்காலம் முடிந்த பிறகுதான் கடைசிக் கதை. ஸ்பேர் பார்ட் தேடினோமே, அன்றைக்கு வாசலில் நின்றவர் கொண்டுவந்த சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம், அவர் திரும்பி வாங்க வராமல் என் கடைச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் இரண்டு சாவித் துளை. ஒரு காலை பார்க்கிறேன், ஒரு தேனீ பச்சை வட்டத்தைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு அந்தத் துளைக்குள் நுழைகிறது. டீச்சருக்குப் போன் போட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். ஸ்டூலைச் சுவர் பக்கம் போட்டு உட்கார்ந்து, அது போவதையும் வருவதையும் மத்தியானம் வரை பார்த்தார்.

“நம்ம ஆள்தானா டீச்சர்?”

“இருக்கலாம். பறக்கும்போது பாத்துச் சொன்னா அது ஜோசியம்.”

“புடிச்சுக் குடுக்கட்டா?”

“வேண்டாம். கட்டி முடிக்கட்டும். அப்பதான் உள்ள இருக்கிறது வெளிய வரும். வாசல் பக்கத்து அறையிலதான் ஆண் இருக்கும். முதல்ல வாரது அதுதான். ஆனா கூட்டுக்குள்ளேயிருந்து வந்ததாலயே அவ பிள்ளைன்னு எழுதிர முடியாது. அடுத்தவ கட்டின அறையில திருட்டுத்தனமா முட்டை போட்டுட்டுப் போற தேனீயும் உண்டு. அதனால வந்ததைத் தொறந்து பாத்துத்தான் எழுதணும்.” பிறகு, “கை உங்களுது, கண்ணு என்னுது” என்றார்.

அவரே ஒரு கொசுவலைத் துண்டை மடித்துக் கொடுத்து, தேனீ வாசலை அடைத்துவிட்டுப் போன பிறகு கடிகாரத்தின் முகத்தில் கட்டச் சொன்னார். வெளியே வருவதைக் கொல்ல, நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாசம் வீசும் ஒரு சின்னப் பாட்டிலையும் கொடுத்துவிட்டுப் போனார். தினம் சாயங்காலம் போன் வரும். “வந்தானா?” “இல்ல டீச்சர், மாப்பிள்ளை அலங்காரத்துல இருக்கான்.” அந்தப் போன்தான் என்று நினைத்துத்தான் அன்றைக்கும் எடுத்தேன்.

வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு கையும் மார்பில் சேர்த்துக் கட்டியிருந்தது. நடுக்கம் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். வலைக்குள் ஒரு தேனீ நடந்துகொண்டிருந்தது.

ஃபேனைப் போடவில்லை. வலையோடு சேர்த்துப் பாட்டிலுக்குள் விட்டேன். இத்தனை வருஷத்தில் நானே செய்த ஒரே கொலை. பிறகு லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். உணர்கொம்பில் கணுக்களை எண்ண டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதின்மூன்று. பதின்மூன்று இருந்தது. முன்னங்கால் அகலம். ஆனால் டீச்சரை ஏமாற்றிய ஆணுக்கு இருந்ததுபோல் வெள்ளை இல்லை, லேசான மஞ்சள். குஞ்சம் கறுப்பு.

மாப்பிள்ளை வந்துவிட்டான், டீச்சர் போன கையோடு வந்தான் என்று எழுதினால் இந்த மலரில் அது நன்றாகத்தான் இருக்கும். உமா அப்படித்தான் எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை. பதின்மூன்று கணு, மஞ்சள் கால், கறுப்புக் குஞ்சம். நான் பார்த்தது இவ்வளவுதான். அது கூடு கட்டியவளுடைய மகனா, திருட்டு முட்டையா என்று கேட்டால், தெரியாது. யார் என்ன கேட்டாலும் ஏதாவது ஒரு பதிலை அடித்துவிடுகிறவன் நான். இந்த ஒரு வார்த்தையைக் கூச்சமில்லாமல் சொல்ல அவரிடம் பழகிக்கொண்டேன். டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது அதுவும், கொக்கி ஊசியும், அந்த டிபன் டப்பாவும்தான்.

டப்பாவில் ஈரமணல் போட்டு வைத்திருக்கிறேன். தேனீ தயாராக இருக்கிறது. எடுத்துக் கொடுக்க என் கை இருக்கிறது, இன்னும் நடுங்கவில்லை. பார்த்துச் சொல்லும் கண்தான் இல்லை. எழுதாவிட்டால் அது வெறும் கொலை என்பது அவர் சொன்னது. அதை என் தலையில் விட்டுவிடாதீர்கள். உங்களில் யாருக்காவது அவர் சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருந்தால் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வாருங்கள். கடையைப் பாய் காட்டுவார்.

எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் ஃபேன் சுவிட்சைத் தொடாதீர்கள்.